மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குருவி

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சங்கரா மீன் குழம்புக்கும் சோற்றுக்கும் நடுவே ஜூடி கொளுத்திப் போட்ட வெடி இந்த வியாழக்கிழமை காலை வரை அந்த வீட்டில் புகைந்துகொண்டுதான் இருந்தது.

அவள் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மகள் சாராவை இராயபுரத்தில், தான் படித்த கன்னியர் மடத்து நர்சரியில்தான் சேர்ப்பேன் என்றாள். மூன்று வயது நிறைந்தால்தான் சேர்ப்போம் என்று அவர்கள் சொன்னால், ஆவணி வரை காத்திருக்கவும் தயார் என்றாள். கணவன் வெற்றி பாதிச் சோற்றோடு தட்டை விட்டு எழுந்து போனான். அவனுடைய அண்ணி ஜெயஸ்ரீ, மீனில் முள்ளை ஆய்ந்து சாராவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள், ஊட்டுகிற கையை நிறுத்தவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜூடியிடம் அவள் பேச்சு, தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிற அளவோடு நின்றுபோனது.

ஜெயஸ்ரீக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. திருவொற்றியூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிற ஜூடி, காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவதும் சாயங்காலம் வாங்கிக்கொள்வதும் அவளிடம்தான். அவளுடைய ஒரே மகன் கல்யாணம் ஆன கையோடு மாத்தூருக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டான். அதற்குப் பிறகு ஜெயஸ்ரீயின் இடுப்பு காலியாக இருந்ததே இல்லை. சாரா அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வெற்றிக்கும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு தெரு தள்ளி மலர் டீச்சரின் பால்வாடி இருக்கிறது. அங்கே, இப்போதே சேர்க்க வேண்டும், தடைக்காலம் முடிவதற்குள்.

காத்திவாக்கத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். மீன் பெருகும் காலம் என்று கோடையில் இரண்டு மாதம் படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். அந்த இரண்டு மாதம்தான் அப்பன்மார் பகலில் ஊரில் இருப்பது. அந்தக் காலம் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பால்வாடியில் விடுவார்கள். விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடவும் மாட்டார்கள். வாசலிலேயே வரிசையாகக் குந்தி, வலையைக் கொஞ்சம் தைத்து, ஊர்க்கதையை நிறையத் தைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே எந்தப் பிள்ளை வீறிட்டாலும், அதன் அப்பன் இங்கிருந்து ஒரு குரல் கொடுப்பான். அழுகை நின்றுபோகும். தடை முடிந்து அவர்கள் கடலேறும்போது பிள்ளைகள் பழகியிருக்கும்.

ஜூடி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். வேலைவெட்டி இல்லாமல் குந்தியிருப்பதற்கு வழக்கம் என்று பெயரா என்று கேட்டாள். சோற்றுத் தட்டை விட்டு வெற்றி எழுந்து போனது அந்த வார்த்தைக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் வாபஸ் வாங்கவில்லை. வார்த்தையை வாபஸ் வாங்குகிற பழக்கம் இராயபுரத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு.

அதனால்தான் இந்த வியாழக்கிழமை. ஒரு நாள் பிள்ளையைக் கூட்டி வந்து உட்கார வைத்துப் பாருங்கள், ஒட்டுகிறாளா பார்க்கலாம் என்று மடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

"நீ பூட்டு வா. எனக்குக் காசிமேட்ல வேலை கீது" என்றான் வெற்றி. முகத்தைப் பார்க்காமலே பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

தடை முடிய இன்னும் சில நாளே பாக்கி. படகுக்கு வண்ணம் அடித்து, வலை ஏற்ற வேண்டும். வேலை இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் இந்த ஒரு காலையாவது கூட வந்திருக்கலாம் என்று ஜூடி நினைத்தாள். ஜெயஸ்ரீ சாராவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கன்னத்தில் மை வைத்து, கழுத்தில் மாதா சுரூபம் தொங்கிய சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

பஸ்ஸில் சாரா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "குருவி கீதா?"

"இருக்கும் கண்ணு."

அந்தக் குருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜூடிக்கு அந்த நர்சரியில் படித்தது ஒன்றும் நினைவில்லை. நினைவிருந்ததெல்லாம் வேறு. காலில் சில்லென்று ஏறும் சிவப்பு சிமெண்டுத் தரை. மத்தியானம் பாயில் வரிசையாகப் படுக்க வைத்து, முதுகில் தட்டிக்கொண்டே நடக்கும் சிஸ்டரின் வெள்ளை அங்கியில் வந்த கஞ்சி வாசனை. ஜன்னலுக்கு வெளியே உயரமான மதில். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குருவி.

அழுகை வரும்போதெல்லாம் அது கூவும். இரண்டு சின்னக் கூவல், ஒரு நீளக் கூவல். அவள் உதடு பிதுங்கினால் போதும், அதற்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பறவை கூவிக் கேட்டுவிட்டாள், அதுபோல ஒன்று இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் சாராவைத் தினமும் தூங்க வைப்பாள். அம்மா ஸ்கூலில் ஒரு குருவி இருக்கிறது, உன்னையும் பார்த்துக்கொள்ளும் என்பாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கண் பனிக்கும். தனக்குக் கிடைத்த அந்த நிம்மதி மகளுக்கும் கிடைத்தாக வேண்டும் என்பதுதான் அவளுடைய பிடிவாதத்தின் அடிவேர். மற்றதெல்லாம் வாய்ச்சண்டை.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அவை நகர்ந்தால் பஸ் நகர்ந்தது. சாரா மடியில் இரண்டு முறை தூங்கி எழுந்தாள். தினமும் இப்படிப் போய் வர முடியுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ஜூடி அந்தக் குரலை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டாள்.

இராயபுரத்தில் இறங்கும்போதே அப்பா ஹென்றி நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட செருப்பு. கையில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில், சிவப்பு நிறத்தில். பேத்தி நாளையிலிருந்தே தினமும் வரப்போகிறாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார் என்பது அந்த பாட்டிலைப் பார்த்ததும் ஜூடிக்குப் புரிந்தது.

ஹென்றி துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். அந்தக் காலத்தில் கப்பலின் சரக்கறைக்குள் என்ன நடக்கிறது என்று சரக்கைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுபவனுக்குத் தெரியாது. விளிம்பில் நின்று, கையாலும் விசிலாலும் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சொல்கிற ஆள்தான் அவனுக்குக் கண். அவர் கண்ணை நம்பி எத்தனையோ டன் சரக்கு தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது. இப்போது முழங்கால் சரியில்லை. சாராவைத் தூக்கப் போனவர், பாதியில் யோசித்து, விரலை மட்டும் நீட்டினார்.

மூவரும் நடந்தார்கள். பேக்கரியில் சூடாக பன் எடுத்த வாசனை வந்தது. சின்ன வயதில் இந்தத் தெரு எவ்வளவு நீளமாக இருந்தது, இப்போது நாலெட்டில் முடிந்துவிடுகிறதே என்று ஜூடிக்கு ஆச்சரியம். மடத்துக் கேட் அதே நீலம். மேலே எத்தனை கோட் அடித்தார்களோ, நீலம் மட்டும் மாறவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழவேண்டும்போல் இருந்தது, சந்தோஷத்தில்.

சிஸ்டர் சுகிர்தம் இன்னும் இருந்தார். அன்றைக்கு இளம் சிஸ்டர், இன்றைக்குக் கண்ணாடியும் கைத்தடியுமாக. ஜூடியை அடையாளம் தெரியவில்லை, ஹென்றியைத் தெரிந்தது. அவரைப் பார்த்து ஏனோ வாயைப் பொத்திச் சிரித்தார். ஹென்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜூடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும், அதுதான் சட்டம். சாரா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, மதிலைப் பார்த்தபடி இருந்தாள். பார்த்தாயா, பெற்றவளைப்போலவே ஒட்டிக்கொண்டாள் என்று ஜூடி அப்பாவிடம் பெருமைப்பட்டாள். பால்வாடி வாசலில் குந்தியிருக்கிற கூட்டத்துக்கு இதைக் காட்ட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெருமை ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

முதலில் சிணுங்கல். பிறகு, ஜூடிக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கதறல். மதில் தாண்டி வந்தது. "குருவி வர்ல... குருவி வர்ல..."

உள்ளே யாரோ பாட்டுப் பாடினார்கள். பொம்மையை ஆட்டிச் சத்தம் எழுப்பினார்கள். கதறல் கூடிக்கொண்டே போனது. ஜூடி கேட்டைத் தட்டினாள். சிஸ்டர் சுகிர்தம் கைத்தடியோடு வந்து, குழந்தை ஏதோ குருவி கேட்கிறதே என்றார்.

"ஜன்னலுக்கு அந்தாண்ட மரம் இருந்துச்சே சிஸ்டர், அதுல ஒரு குருவி கூவுமே. வெட்டிட்டீங்களா?"

அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் மரம் இருந்ததில்லை, ரயில்வே கோடவுன் சுவரும் நடைபாதையும்தான் என்றார் சிஸ்டர். ஜூடி விடவில்லை. நான் கேட்டிருக்கிறேன், தினமும் கேட்டிருக்கிறேன் என்றாள். அவள் குரல் அவளுக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. சிஸ்டர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

ஹென்றி அங்கே இல்லை.

மதில் திரும்புகிற மூலையில், கோடவுன் சுவரோரம் போய் நின்றுகொண்டிருந்தார். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். கீழ்வரிசையில் பல் போன இடத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு சின்னக் கூவல். ஒரு நீளக் கூவல்.

பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனால் அதேதான். உள்ளே அழுகை பொட்டென்று நின்றது.

ஜூடி அங்கேயே, கேட்டோரம், மடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை யாரோ கையிலிருந்து வாங்கித் திருப்பிக் காட்டியதுபோல் இருந்தது. திருப்பினால் அதில் அப்பாவின் முகம்.

"டாடி, அது நீயா?"

ஹென்றிக்குக் கூச்சம். பேண்ட்டில் இல்லாத தூசியைத் தட்டினார். கேட்டுக்கேட்டு அவரிடமிருந்து கதையைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் தம்பி ஃப்ரெடி பிறந்திருந்தான். அம்மா எல்சிக்குப் பச்சை உடம்பு. ஜூடியை விட்டுவிட்டு வர அவர்தான் போவார். அவள் போட்ட கூச்சலில் திரும்பி நடக்கக் கால் வரவில்லை. மேஸ்திரியைக் கெஞ்சி ராத்திரி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் நேராகத் துறைமுகத்திலிருந்து வந்து அவளை விட்டுவிட்டு, இந்த மூலையில் நின்றாராம். மழைக்காலம் தொடங்கும் வரைக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது. சிஸ்டர் சுகிர்தம் ஒருவருக்குத்தான் தெரியும், அவர்தான் ஒருநாள் வெயிலுக்குக் குடை கொடுத்தவர்.

"ஏன் சொல்லவே இல்ல?"

"மொத நாளே வூட்டுக்கு வந்து உங்கம்மா கைல, ஸ்கூல்ல ஒரு குருவி கீதுன்னு சொன்ன. அவ்ளோ சந்தோசமா சொன்ன. குருவியாவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

ஜூடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. சிவப்புத் தரையும் கஞ்சி வாசனையும் நீலக் கேட்டும் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவளைத் தாங்கிப் பிடித்தது அவை ஒன்றும் இல்லை. வெளியே ஒரு ஆள் நின்றிருந்தான். ராத்திரியெல்லாம் கப்பலில் நின்ற காலோடு, அவளுக்காகத் திரும்பவும் நின்றிருந்தான்.

அப்போதுதான் பால்வாடி வாசல் அவள் நினைவுக்கு வந்தது. வரிசையாகக் குந்தியிருக்கிற ஆட்கள், உள்ளே பிள்ளை அழுதால் வெளியிலிருந்து கொடுக்கிற குரல். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொன்ன வாய் கசந்தது.

"நீ ஒண்ணியும் யோசிக்காத. டெய்லி நான் வந்து நிக்கிறேன், இன்னா இப்போ" என்றார் ஹென்றி.

சொல்லிவிட்டு ஓரெட்டு எடுத்து வைக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவள் பார்வையில் படக்கூடாது என்று நினைத்தார். பட்டுவிட்டது.

சாராவைக் கூட்டிக்கொண்டு வந்த சிஸ்டர், குழந்தை ஒட்டிக்கொள்வாள், திங்கட்கிழமையிலிருந்தே வரலாம், வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். போன வாரம் இதைக் கேட்டிருந்தால் ஜூடி அங்கேயே முழங்காலிட்டிருப்பாள். இப்போது, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் சிஸ்டர் என்றாள். ஹென்றி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. விளிம்பில் நின்றே பழகிய கண்ணுக்கு இது தெரியாதா. பஸ் ஸ்டாப்பில், சிவப்பு பாட்டிலின் வாரை சாராவின் தோளில் மாட்டி, நீளத்தைச் சரிசெய்தார்.

"எந்த ஸ்கூல் போனாலும் தண்ணி குடிக்கணும் இல்ல" என்றார்.

திரும்புகிற வழியெல்லாம் சாரா உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே வந்தாள். சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது. ஜூடி மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் மன்னிப்பு. பிறகு, நாளைக் காலை பால்வாடிக்குப் போகலாம், நீ கடலேறுகிற வரைக்கும் வாசலில் குந்து, அப்புறம் ஜெயஸ்ரீ அக்கா குந்தட்டும், உன் குரலைவிட அக்கா குரலுக்குத்தான் அவள் அடங்குவாள். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது ஜெயஸ்ரீயும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

தெருமுனையிலேயே வெற்றி பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். கையில் பெயிண்ட் கறை ஒன்றுகூட இல்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். சாராவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. நாலு நாளாக அவள் பார்க்காத சிரிப்பு.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"நான் மொதல்ல. காசிமேட்டுக்குப் போவல நானு. இராயபுரத்துல வூடு பாத்துகினு இருந்தேன். கெட்ச்சிட்ச்சி. உன் ஸ்கூலுக்குப் பின்னாடி தெரு. எனக்கும் காசிமேடு பக்கம். கொயந்த எதுக்கு டெய்லி லாரிப் பொகைல போய் வரணும்? அண்ணனாண்ட காத்தாலயே சொல்லிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட வரவில்லை.

"நீ சொன்னது கரீட்டுதான் ஜூடி. எங்க வயக்கம் எங்களோட. உனுக்கு ஆசையா கீற எடத்துலயே பட்க்கட்டும்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

அண்ணன் கோதண்டம் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படகாண்டை போய்விட்டாராம். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்லிவிடு என்றான்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயஸ்ரீ கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாராவின் கவுன்கள். ஒவ்வொன்றாகத் தட்டி, நான்காக மடித்து, ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜூடி வந்து நின்றது தெரிந்தும் நிமிரவில்லை.

"பட்டன் வுட்டதெல்லாம் தச்சிட்டேன்" என்றாள். "இந்த மஞ்ச கவுன் மட்டும் இங்கயே இருக்கட்டும். சின்னதாப் பூட்ச்சி. எப்புடியும் போட முடியாது."

வெற்றியின் தோளிலிருந்து நழுவி இறங்கிய சாரா, ஓடிப்போய் அவள் மடியில் ஏறினாள். பெரியம்மா, குருவி என்று சொல்லி, உதட்டைக் குவித்து அவள் முகத்தில் ஊதினாள். ஜெயஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் வெற்றி இன்னும் சிரித்துக்கொண்டே நின்றான். "இன்னாமோ சொல்லணும்னியே, இன்னா அது?" என்று கேட்டான்.